இழை: மறுவளர்ச்சி சர்வே நடக்கும்போது ‘காலா’வை மறுபடி பார்த்தவர்கள் உண்டா?

கிராஸ்ரோட்டுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

சொந்த ஊர் எது என்று கேட்டால் பாளையங்கோட்டைப் பக்கம் என்றுதான் சொல்லிப் பழக்கம். ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் தாராவி கிராஸ் ரோடு. இப்போது வேலைக்காக நவி மும்பை ஐரோலியில் வாடகைக்கு இருக்கிறேன். அப்பா, அம்மா அதே கீழ்க் கோலியில்தான் (ஒற்றை அறை வீட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இருக்கிறார்கள். வெளியே இருக்கும் இரும்பு ஏணியில் ஏறினால் மாடியில் தம்பி குடும்பம்.

போன ஞாயிறு போயிருந்தேன். வாசல் நிலைக்கு மேலே சர்வே எண் எழுதியிருந்தது. அந்த எண் உரசி அழிந்துவிடக் கூடாது என்று அம்மா மாவிலைத் தோரணத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டியிருந்தார். இரவு டிவியில் ரஜினி தாராவித் தலைவராக வரும் ‘காலா’ படம் ஓடியது. 2018 ஜூன் 7, முதல் நாள் காலைக் காட்சிக்கு எங்கள் சந்திலிருந்து மட்டும் பதினாறு பேர் போனோம். தோபி காட் என்கிற துணி துவைக்கும் இடத்தை இடிக்க வருகிறவர்களைத் தடுக்கும் தொடக்கக் காட்சியிலேயே கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. இந்த முறை அதே காட்சியில் அப்பா அமைதியாகக் கேட்டார்: “இதுல யாருகிட்ட ரெண்டாயிரத்துக்கு முந்தின காகிதம் இருக்குன்னு ஒருத்தனும் கேக்கலியே?”

விவரம் தெரியாதவர்களுக்காக: தாராவியை இடித்துப் புது வீடு கட்டும் மறுவளர்ச்சித் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பே தரைத்தளத்தில் இருந்ததாகக் காகிதம் காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு 2011 தொடக்கம் வரை வந்தவர்களுக்கு இரண்டரை லட்ச ரூபாய்க்கு 300 சதுர அடி, அதுவும் தாராவிக்கு வெளியே. மாடியில் இருக்கிறவர்களுக்கும், 2011க்குப் பிறகு 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும் வெளியே வாடகை வீடு. வாடகையோடு தவணையும் கட்டி வந்தால் பின்னால் சொந்தமாக்கிக் கொள்ளலாம்.

படத்தில் வில்லன் ஹரி தாதா காலாவின் வீட்டு வாசல்வரை வருகிறார். யாரை எதிர்க்க வேண்டும் என்பது குழந்தைக்கும் புரிகிறது. எங்கள் வீட்டில் அப்பாவையும் தம்பியையும் பிரிக்கப் போவது ஒரு தேதியும் ஓர் ஏணியும். இதை எதிர்த்து எப்படி விசில் அடிப்பது?

தாராவிக்காரர்கள், முன்னாள் தாராவிக்காரர்கள் சொல்லுங்கள், படம் இப்போது உங்களுக்கு எப்படித் தெரிகிறது? ரஜினி–கமல் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, அதை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

—

நெல்லைச்சீமை

தம்பி, நான் அறுபதைத் தாண்டியவன். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசினாலும் எனக்குக் கோபம் வரும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தமிழ்ச் சினிமா தாராவியை 1987இல் ‘நாயகன்’ வழியாக ஊருக்குக் காட்டியது. நல்ல படம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் பத்து வருஷம், விடுமுறைக்கு ஊருக்குப் போனால் பஸ் ஸ்டாண்டிலேயே கேட்பார்கள், “அண்ணாச்சி, அங்கே நீங்க எந்தத் தாதா குரூப்பு?” என்று. நான் தோல் பை தைக்கிறவன். அடுத்து ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ வந்தது. தலைப்பில் நாய் என்று இருந்ததற்காக 2009 ஜனவரியில் மும்பைக் குடிசை மக்கள் அட்டை பிடித்து நின்றார்கள். ‘காலா’ வந்தபோதுதான் முதல் முறையாகப் படத்தில் நாங்கள் புத்தகம் படித்தோம், கூட்டம் போட்டோம், வீட்டில் சண்டை போட்டுச் சமாதானமும் ஆனோம். காலாவின் மனைவி செல்வியாக வரும் ஈஸ்வரி ராவ் பேசும் தமிழ் என் தங்கச்சி பேசுகிற தமிழ். அந்த மரியாதைக்கே நான் மூன்று முறை டிக்கெட் எடுத்தேன்.

அப்புறம் நிலம். படம் நிலம் நிலம் என்று கத்துகிறதே, பிரச்சாரமாக இருக்கிறதே என்று அப்போது பலர் சலித்துக்கொண்டார்கள். என் தாத்தா தோல் கிடங்கில் உப்புத் தடவும் வேலைக்கு வந்தபோது இங்கே நிலம் ஏது? கோலி என்கிற மீனவ மக்களின் கிராமம், பக்கத்தில் கும்பார் என்கிற குயவர்களின் சூளை, மிச்சமெல்லாம் மித்தி ஆற்று முகத்துச் சேறு. நகரத்துக் குப்பையையும் இடிந்த கட்டிட மண்ணையும் கூடை கூடையாகக் கொட்டி மேடாக்கித்தான் ஒவ்வொரு கோலி வீடும் எழும்பியது. மழை வந்தால் உள்வாங்கும், மறுபடி கொட்டுவார்கள். என் பாட்டிக்குக் கடைசிவரை வலது தோள் இறங்கித்தான் இருந்தது. அந்தச் சேற்றுக்கு அந்தக் கரையில் இன்று பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் கண்ணாடி கண்ணாடியாக நிற்கிறது. எங்கள் பக்கத்து மண்ணின் விலை எப்படி ஏறியது என்று இனிமேல் விளக்க வேண்டுமா?

நிலத்தைச் செய்தவனிடம் காகிதம் கேட்கிறார்கள் என்பதுதான் என் குறை. அதைப் படம் சரியாகச் சொன்னது.

—

ஃபிரேம்பைஃபிரேம்

சென்னையிலிருந்து ஒரு சினிமாப் பைத்தியம். கிராஸ்ரோட்டுக்காரன் சார், படத்திடம் நீங்கள் அரசாணை எதிர்பார்க்கிறீர்கள். கட்டாஃப் தேதியும் சதுர அடிக் கணக்கும் திரைக்கதைக்குள் வந்தால் ஆவணப்படம் ஆகிவிடும்.

அதுவும் போக, படம் அவ்வளவு ஒற்றையாக இல்லை. ஜரீனா வெறுமனே காலாவின் பழைய காதலி இல்லை, நல்ல எண்ணத்தோடு ஒரு குடியிருப்புத் திட்டத்தை எடுத்து வருகிறவள். காலாவின் மகன் லெனினுக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது. அப்பாவோடு முட்டிக்கொள்கிறான். “புது வீடு வேண்டும்” என்கிற குரல் வில்லன் வாயிலிருந்து வரவில்லை, ஹீரோவின் மகனிடமிருந்தே வருகிறது. இயக்குநர் ரஞ்சித்தின் நேர்மையாக நான் நினைப்பது இதைத்தான்.

சின்னத் தகவல் ஒன்று. படத்தில் பார்க்கும் தாராவியில் பெரும் பகுதி பூந்தமல்லிப் பக்கம் ஈவிபியில் போட்ட செட். ‘நாயகன்’ தாராவியும் சென்னைச் செட்தான். நெல்லையிலிருந்து மக்கள் தாராவிக்குப் போனார்கள், நாம் தாராவியைச் சென்னைக்குக் கொண்டுவந்து படம் எடுக்கிறோம்!

—

மாடிப்படி

இந்த இழையை என் பெண்தான் காட்டினாள். நான் எழுதிப் பழக்கமில்லாதவள், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் கீழ்வீட்டுக்காரர்கள்போல் பேசுகிறீர்கள். நான் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். பதினோரு வருஷமாக. வீட்டுக்காரர் நல்லவர், எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர், அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவேன். சர்வேக்கு வந்த பிள்ளைகள் கீழே ஏறி இறங்கி அளந்தார்கள். மாடிக்கும் வந்து எண் போட்டார்கள். அன்று இரவே அண்ணன் மனைவி முகம் மாறிவிட்டது. நான் எதாவது காகிதத்தில் உரிமை எழுதிக்கொண்டேனோ என்று பயம் அவர்களுக்கு. அவர்கள் எங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் பயம். இதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக் குழம்பு எங்கள் வீட்டுக்கு வராத நாள் இல்லை.

நான் படம் பார்த்தேன். அழுதேன். செல்வி செத்த இடத்தில். ஆனால் படத்தில் வாடகைக்கு இருப்பவர் ஒருவரும் இல்லையே? தாராவியில் பாதிப் பேர் யாருக்காவது வாடகை கொடுத்துத்தான் இருக்கிறோம்.

வெளியே வீடு தருவார்களாம், அதிகத் தூரம் இல்லையாம், பத்துக் கிலோமீட்டர்தானாம். என் கணவருக்கு இட்லி வியாபாரம். நான் மாவு அரைப்பது சாயங்காலம், அடுப்பு மூட்டுவது ராத்திரி இரண்டரைக்கு. ஐந்து மணிக்குச் சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டினால் தாதர், மாட்டுங்கா, மாஹிம் சுற்றி ஒன்பதரைக்கு வந்துவிடுவார். தேவ்னார் குப்பை மேட்டில் கொண்டுபோய் வைத்தால் அந்த இட்லி சூடாகப் போய்ச் சேருமா? முதலில் அங்கே ராத்திரி இரண்டரைக்கு ஏழாவது மாடியில் நாற்பது தட்டு அடுப்பு வைக்க விடுவார்களா? பத்துக் கிலோமீட்டர் என்று எழுதுகிறவர்களுக்கு அது காரில் இருபது நிமிஷம்.

—

கிராஸ்ரோட்டுக்காரன்

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் தம்பி குடும்பம் மாடிக்குப் போவதற்கு முன்னால் அங்கே ஒரு பிகார்க் குடும்பம் வாடகைக்கு இருந்தது. ஜரி வேலை செய்கிறவர்கள். தம்பிக்குக் கல்யாணம் என்றதும் பதினைந்து நாள் நோட்டீஸில் காலி செய்யச் சொன்னோம். அந்த வாடகையில்தான் நான் டிப்ளமோ படித்தேன். இதையெல்லாம் நான் முதல் பதிவில் எழுதவில்லை பாருங்கள்.

—

பில்டிங்வாசி

கொஞ்சம் கசப்பாகப் பேசப் போகிறேன்.

எங்கள் குடும்பம் பதினாறு வருஷத்துக்கு முன்பு எஸ்ஆர்ஏ (குடிசைக்குப் பதிலாக வீடு தரும் அரசு அமைப்பு) கட்டிடத்துக்கு மாறியது. அதுவரை பொதுக் கக்கூஸ் வரிசையில் என் அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு நிற்பார், வெளிச்சம் வந்துவிட்டால் போக முடியாது என்பதற்காக. சாயங்காலத்திற்குப் பிறகு தண்ணீர் குடிக்கவே மாட்டார். ஜூலை மழையில் நாலா என்கிற சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும், நாங்கள் கட்டிலுக்கு நாலு செங்கல் வைத்து அதன்மேல் ஸ்டவ்வை வைத்துக்கொள்வோம். இந்த வாழ்க்கையைப் பாட்டு போட்டு, கலர் பொடி தூவி, எழுச்சி என்று காட்டினால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. ஐரோலியில் அட்டாச்டு பாத்ரூமோடு இருக்கிற தம்பி தாராவி மண்ணுக்காக உருகுகிறார்.

புது வீட்டுக்குள் முதல் நாள் போனபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. பாத்ரூம் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் அவருக்குப் போதவில்லை போல. எந்தப் படத்திலாவது இதைக் காட்டியிருக்கிறார்களா?

எதிர்க்கிறவர்களில் பாதிப் பேர் ஐந்து கோலி வைத்து வாடகை வாங்குகிறவர்கள். மாடிப்படி அக்கா தப்பாக நினைக்கக் கூடாது, உங்கள் வீட்டு அண்ணனைச் சொல்லவில்லை.

—

மாடிப்படி

எங்கள் அண்ணனுக்கு ஒரே வீடுதான். நீங்கள் கக்கூஸ் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. எனக்கும் அந்தத் தாழ்ப்பாள் வேண்டும். தாராவியிலேயே வேண்டும், அவ்வளவுதான்.

—

பானைச்சந்து

கும்பார்வாடா ஓரத்தில் இருக்கும் தமிழன். எங்கள் பக்கத்து குஜராத்திக் குயவர்களுக்கு வீடும் பட்டறையும் ஒன்றே. முன்பக்கம் சக்கரம், நடுவில் படுக்கை, பின்பக்கம் சூளைப் புகை. 350 சதுர அடியில் எந்த மூலையில் சூளை வைப்பது என்று கேட்டால் அதிகாரிகள் மட்டுமல்ல, போராட்டக்காரர்களும் பதில் சொல்வதில்லை. போராட்டக்காரர்கள் கேட்பது 500 சதுர அடி. சூளைக்கு 500ம் போதாது.

படத்தைப் பற்றி: தமிழர்கள் தலைமையில் எல்லோரும் பின்னால் வருவதாகக் காட்டியது பக்கத்து வீட்டு மராத்தி நண்பனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. “எங்கள் கோலிவாடா எங்கே?” என்று கோலி மீனவர் குடியிருப்பைக் கேட்டான். நியாயமான கேள்வி.

—

கணக்குப்பிள்ளை

திட்டம் ஏதோ போன தேர்தலுக்கு வந்தது மாதிரிச் சிலர் பேசுவதால் மட்டும் எழுதுகிறேன்.

1985இல் பிரதமர் நிதி என்று ராஜீவ் காந்தி மும்பைக்கு 100 கோடி ஒதுக்கினார், அதில் தாராவிக்கு 37 கோடி. பிஎம்ஜிபி கட்டிடங்கள் என்று இன்றும் சொல்கிறார்களே, அது அந்தப் பணம். இப்போதைய தாராவி மறுவளர்ச்சித் திட்டத்துக்கு மாநில அரசு 2004இல் ஒப்புதல் தந்தது. முகேஷ் மேத்தா என்ற கட்டிடக் கலைஞர் ஆலோசகர். ஐந்து செக்டாராகப் பிரித்து டெண்டர், ரத்து, மறு டெண்டர் என்று ஓடியது. ‘காலா’ வந்த அதே 2018இன் கடைசியில் மொத்தத் தாராவியையும் ஒரே திட்டமாக்கி மறுபடி டெண்டர். செக்லிங்க் என்ற நிறுவனம் 7,200 கோடி தருவதாகச் சொல்லி முன்னால் நின்றது. 2020இல் அது ரத்து. 2022 நவம்பரில் 5,069 கோடிக்கு அதானி பிராப்பர்டீஸ். செக்லிங்க் போட்ட வழக்கை 2024 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. திட்ட நிறுவனத்தில் அதானிக்கு 80 சதவீதம், மாநில அரசுக்கு 20. நிறுவனத்தின் இப்போதைய பெயர் நவபாரத் மெகா டெவலப்பர்ஸ். வீடுவீடாக சர்வே 2024 மார்ச் 18இல் கமலா ராமன் நகரில் தொடங்கியது. 2025 மேயில் மாஸ்டர் பிளானுக்கு முதல்வர் ஒப்புதல்.

வெளியே அனுப்பப்படுகிறவர்களுக்காகப் பேசப்படும் இடங்கள்: தேவ்னார் குப்பை மேட்டில் 124 ஏக்கர், முலுந்து பக்கத்து உப்பள நிலம், குர்லாவில் பழைய பால்பண்ணை நிலம். ஒன்றைக் கவனியுங்கள். குர்லாக்காரர்களும் முலுந்துக்காரர்களும்கூட எதிர்க்கிறார்கள், எங்கள் ஏரியாவில் கொண்டுவந்து போடாதே என்று. தாராவிக்காரன் இங்கேயும் இருக்கக் கூடாது, அங்கேயும் வரக் கூடாது!

—

பெரும்பாக்கம்8

சென்னையிலிருந்து. நாங்கள் கூவம் கரையில் இருந்தோம். ஒரே நாளில் சாமானை லாரியில் ஏற்றி நகரத்தின் தெற்குக் கோடியில் எட்டு மாடிக் கட்டிடத்தில் இறக்கினார்கள். பில்டிங்வாசி அண்ணன் சொன்ன தாழ்ப்பாள் சுகம் எங்களுக்கும் கிடைத்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அம்மா வீட்டுவேலை செய்த நான்கு வீடும் போயிற்று. பஸ்ஸுக்கே ஒன்றரை மணி நேரம். லிஃப்ட் நின்றுவிட்டால் பாட்டி நாள் கணக்கில் கீழே இறங்கவில்லை.

மாடிப்படி அக்காவுக்கு ஒன்று: அங்கே போகிற நிலைமை வந்தால் ஒரே சந்துக்காரர்களை ஒரே பிளாக்கில் போடச் சொல்லி முன்பே எழுதிக் கொடுங்கள். எங்களுக்குக் குலுக்கலில் வீடு கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் யார் என்று தெரிந்துகொள்ளவே ஒரு வருஷம் ஆயிற்று. குழந்தையை யாரிடம் விட்டு வேலைக்குப் போவது?

—

ஃபிரேம்பைஃபிரேம்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். வாடகைக்காரர் ஒருவர்கூடப் படத்தில் இல்லை என்று அக்கா சொன்னதற்கு மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் ஞாபகம் வரவில்லை. இத்தனை முறை பார்த்தும் நான் தேடியது லைட்டிங்கும் ராவணக் குறியீடும்தான்.

ஆனாலும் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். கடைசிப் பகுதியில் எல்லோரும் வேலையை நிறுத்த, மும்பை அப்படியே நிற்கிறதே. வீட்டுவேலை, டாக்சி, துப்புரவு எல்லாம் நின்று போகிறது. மாடிப்படி அக்காவின் இட்லி கணக்கும் அதே விஷயம்தான். அந்தச் சைக்கிள் ஒரு நாள் போகவில்லை என்றால் மாட்டுங்காவில் எத்தனை வீட்டில் காலைச் சாப்பாடு நிற்கும்?

பாட்டில் வரும் ராப் பையன்களும் தாராவியிலேயே வளர்ந்த தி டோப்படெலிக்ஸ் குழு. செட் சென்னையாக இருந்தாலும் குரல் அங்கிருந்து வந்தது.

—

நெல்லைச்சீமை

அந்த வேலை நிறுத்தக் காட்சியில்தான் நானும் எழுந்து நின்றேன். ஆனால் தம்பி, ஒரு நாள் தையல் மிஷினை நிறுத்தினால் எனக்கு ஆர்டர் கொடுக்கும் சேட்டு மறுநாள் வேறு ஆளிடம் போய்விடுவார். 2023 டிசம்பர் 16இல் இந்தத் திட்டத்தை எதிர்த்து பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸுக்குப் பெரிய ஊர்வலம் போயிற்றே, உத்தவ் தாக்கரே தலைமையில், நானும் போனேன். கூட்டம் உண்மையிலேயே பெரிது. சாயங்காலம் திரும்பி வந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாக்கிப் பைகளைத் தைத்து முடித்தேன்.

பில்டிங்வாசி, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியது மனதிலேயே நிற்கிறது. என் மனைவியும் அந்த வரிசையில் நின்றவள்தான். நான் அதை ஒரு நாளும் கேட்டதில்லை.

—

பில்டிங்வாசி

அண்ணாச்சி, நீங்கள் இப்படிச் சொன்ன பிறகு நானும் மிச்சத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. கட்டிடத்தில் மெயின்டனன்ஸ் கட்ட முடியாமல் எங்கள் மாடியிலேயே மூன்று குடும்பம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மறுபடி கோலிக்குப் போயிருக்கிறது. அப்பளம் காயவைக்க இடமில்லாமல் அத்தை தொழிலை விட்டுவிட்டார். இந்த முறை பத்து வருஷம் மெயின்டனன்ஸ் இலவசம் என்கிறார்கள். பதினோராவது வருஷம் என்ன என்று கேட்டு வைக்க வேண்டியதுதான்.

ஆனாலும் எனக்குக் கட்டிடம் வேண்டும். அதில் மாற்றமில்லை.

—

கிராஸ்ரோட்டுக்காரன்

சந்துப் பையன்கள் சேர்ந்து வருகிற சனிக்கிழமை இரவு கமிட்டி ஆபீஸ் முன்னால் ‘காலா’ போடலாம் என்கிறார்கள். படம் முடிந்ததும் சர்வே காகிதம் பற்றிக் கேள்வி பதில். சட்டம் தெரிந்த தம்பி ஒருவன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். கீழ்வீட்டுக்காரர்களுக்குத் தனி, மாடிக்காரர்களுக்குத் தனி என்று கூட்டம் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று நான் சொன்னேன். அப்பாவும் தம்பியும் ஒரே பாயில் உட்கார்ந்து கேட்கட்டும்.

மாடிப்படி அக்கா, வீட்டு வாடகை ரசீது இல்லை என்றால் கரண்ட் பில், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், கேஸ் புத்தகம், வாக்காளர் அட்டை, விலாசம் இருக்கிற எதுவானாலும் எடுத்து வாருங்கள். உங்கள் அண்ணனையும் அண்ணியையும் கூட்டி வாருங்கள்.

—

மாடிப்படி

வருகிறோம். அண்ணியிடம் நேற்றே சொல்லிவிட்டேன், யோசிக்கிறேன் என்றார். எத்தனை பேர் வருவார்கள் என்று முன்னாலேயே சொன்னால் நல்லது, இட்லிக்கு ஊறப்போட வேண்டும். காசு வேண்டாம், சட்னிக்குத் தேங்காய் மட்டும் யாராவது வாங்கி வரட்டும்.

—

பில்டிங்வாசி

தேங்காய் நான் வாங்கி வருகிறேன். திரைக்குப் பெரிய வெள்ளை வேட்டி யாரிடம் இருக்கிறது?